எங்கள் ஆறு சிலிண்டர் லாரியின் நடை

லாரித் தொழிலில் தலை நரைத்த என் வயசுக்காரங்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கணும். நான் மூணாங்கிளாஸ் தாண்டாதவள். கையெழுத்துப் போடுவேன், கணக்கை மனசிலேயே போடுவேன், அவ்வளவுதான் படிப்பு. ஆனால் நாமக்கல்லில் இறங்கி, "அந்தப் பொம்பளை லாரி வச்சிருக்குதே, அது எங்க?" என்று யாரைக் கேட்டாலும் என் வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். ஒத்தை லாரியில் தொடங்கி, புருஷன் போன பிறகும் ஆம்பளைகளோடு சரிக்குச் சரி நின்று, ஒரு தெரு நிறைய லாரி நிறுத்தினவள் நான். இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

இன்றைக்கும் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருப்பேன். ரோட்டில் ஒரு வண்டி மேடு ஏறும். "ஏண்டா, மூணாங் கியருல போற மேட்டுல அஞ்சுல போறான், யார்றா அவன்?" என்பேன். பேரன் எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம வண்டிதாங்க ஆத்தா" என்பான். அன்றைக்கு அந்த டிரைவர் பாடு திண்டாட்டம்தான். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று டாப் கியரிலேயே உருட்டுகிறார்கள். மிச்சமாகிற டீசலைப் போல எத்தனை பங்கு எஞ்சின் தேய்ந்துபோகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பால்பல் விழுகிற வயசிலேயே தெரியும்.

அப்போது வெள்ளைக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. பரமத்தி வேலூர்ப் பக்கம் வாய்க்கால் ஓரத்தில் எங்கள் வீடு. எங்கள் அய்யன், அதாவது என் அப்பா, கொடிக்கால் வைத்திருந்தார். வெற்றிலைக் கொடிக்கால் என்றால் சும்மா இல்லை, அகத்தி நிழலில் பகலிலேயே சில்லென்று இருக்கும். உள்ளே நுழைந்தால் வெற்றிலைக் காரம் மூக்கில் ஏறும். அந்தக் கொடிக்காலைக் கொடுத்துவிட்டுத்தான் அய்யன் லாரி வாங்கினார். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த பழைய அமெரிக்க லாரி. பெட்ரோல் வண்டி. மூக்கு நீண்டிருக்கும். மூடியைத் தூக்கினால் ஆறு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாக, பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக இருக்கும்.

லாரி வந்து நின்ற அன்று ஊரே கூடியது. அம்மா மட்டும் கிட்ட வரவில்லை. ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றபடியே கேட்டாள்: "ஏனுங்க, கொடி பட்டுப்போனா மறுபடி நடலாம். இது பட்டுப்போனா?"

"இரும்பு எப்படிப் பட்டுப்போவும்? கூறு கெட்டவளே" என்று அய்யன் சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. எங்களுக்கு இனி வேறு எதுவும் இல்லை என்பது எனக்கே தெரிந்திருந்தது. அந்த லாரி ஓடினால் சோறு.

ஓட்டுவதற்கு மாமன் வந்தார். அம்மாவுக்கு நேர் இளையவர். சேலத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். ஒல்லியான ஆள். காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். நான் ஒரே பிள்ளை, அதுவும் பொட்டப்பிள்ளை. பையன் இருந்தால் எப்படிக் கூட்டிக்கொண்டு போவாரோ அப்படியே அய்யன் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். மாமனுக்கும் அய்யனுக்கும் நடுவில், கியர் கம்பிக்குப் பக்கத்தில் என் இடம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு வெற்றிலையும் வாழைத்தாரும் போகும். வரும்போது உப்பு, பருப்பு, மண்ணெண்ணெய், துணி மூட்டை. வாழைச் சருகு சுற்றிய வெற்றிலைக் கட்டுகளின் வாசமும் சூடான எண்ணெயின் நாற்றமும் கலந்து ஒரு வாசனை வரும். அதை இன்றைக்கு எந்தக் கடையில் போய்க் கேட்பது?

அய்யனுக்கு மாடு தெரியும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரைப்போல மாடு பார்க்கிற ஆள் கிடையாது. அதில்தான் வம்பு வந்தது. சுமை ஏற்றின மாட்டை ஓட விடக்கூடாது, கத்துகிற மாடு நோகிற மாடு. இந்த இரண்டு சட்டத்தையும் அப்படியே லாரிக்கும் போட்டார். வண்டி மேடு ஏறும்போது மாமன் மூணாவது கியருக்கு இறக்கினால் எஞ்சின் உரக்கச் சத்தம் போடும். அய்யன் துடித்துப்போவார்.

"மாப்ள, கத்துது பாரு, பாவம். நாலுலயே உடு."

"மச்சான், நாலுல இழுக்காதுங்க. மூணு போட்டாத்தான்..."

"அதான் மெல்லமா ஏறுதில்ல? ஓட உடாத. சுமையிருக்குது."

நாலாவதில் எஞ்சின் அடிவயிற்றிலிருந்து முக்கும். வண்டியே குலுங்கும். அய்யனுக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. அடக்கமான மாடு முனகிக்கொண்டே இழுக்கிற மாதிரி என்பார். அது போதாதென்று, மாமன் வேகம் போகாமலிருக்க அய்யன் ஆக்ஸிலேட்டர் மிதிக்குக் கீழே ஒரு புளியங்கட்டையைச் செதுக்கி வைத்து ஆணி அடித்துவிட்டார். மிதி பாதிக்கு மேல் போகாது. சமதரையிலும் மாட்டு வண்டிக்குக் கொஞ்சம் முன்னால் போவோம், அவ்வளவுதான். சைக்கிள்காரன் எங்களைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். "பெட்ரோலும் மிச்சம், வண்டியும் நோவாது" என்பார் அய்யன். மாமன் சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொள்வார். அவருக்குக் கோபம் வந்தால் அதுதான்.

ராசிபுரம் பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி டக் டக் என்று கேட்டது. முதலில் மெதுவாக. பிறகு வேகமாக. மாமன் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிப் போய் மூடியைத் தூக்கினார், பார்த்தார், மூடினார்.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வெற்றிலைக்கு வெயில் ஆகாது. அய்யன் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடி எங்கிருந்தோ தண்ணீர் கொண்டுவந்தார். கட்டுகளின் மேல் தெளித்தார். மறுபடி ஓடினார். தெளிக்கத் தெளிக்க வெற்றிலை கருத்துக்கொண்டே வந்தது. நான் ஒரு கட்டின் மேல் என் பாவாடையை விரித்துப் பிடித்தேன். ஒரு கட்டுக்கு நிழல் கொடுத்து என்ன செய்ய?

சாயங்காலம் அந்தப் பக்கம் வந்த வண்டிக்காரர் இருவர் தங்கள் மாடுகளை அவிழ்த்து, எங்கள் லாரிக்கு முன்னால் கயிறு போட்டுப் பூட்டினார்கள். ஒருவர் அய்யனைப் பார்த்து, "ஏனுங்கண்ணா, இதுக்குத் தவிடு எத்தனை படி வெக்கறீங்க?" என்றார். இன்னொருவர், "சும்மா இர்றா. மாடு இழுக்கற வண்டிக்கு ஸ்டேரிங் வேற வச்சிருக்காரு, ரோசனைக்காரரு" என்றார். அய்யன் மாட்டின் பக்கத்திலேயே நடந்து வந்தார். மாடு நோகிறதா என்று பார்த்துக்கொண்டு.

லாரி கடைசியில் சேலத்தில் ஒரு பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பட்டறை மேஸ்திரி வாயில் பீடியும் வசவும் இல்லாமல் நான் பார்த்ததில்லை. அடியில் படுத்து, எண்ணெய் நிற்கிற சேம்பரைக் கழற்றி எண்ணெயை ஒரு தட்டில் பிடித்து வெயிலில் காட்டினார். கருப்பு எண்ணெய்க்குள் வெள்ளித் தூள் மின்னியது. ஜரிகையை அரைத்துக் கலக்கின மாதிரி. எனக்கு அழகாகக்கூட இருந்தது.

"பேரிங்குல ஊத்தியிருந்த ஈயமெல்லாம் இங்க வந்து கெடக்குது. யாருய்யா இத்தனை நாளா இதைக் கொன்னுட்டு இருந்தது?"

"நாங்க மெதுவாத்தானுங்க ஓட்டுனோம்" என்றார் அய்யன்.

"மெதுவா ஓட்டுனீங்க. அதான் செத்துது." மேஸ்திரி எழுந்து கையைச் சாக்கில் துடைத்தார். "உங்க முதுகுல நெல்லு மூட்டை வச்சு மேடு ஏறச் சொன்னா எப்படி ஏறுவீங்க? எட்டி எட்டி வெப்பீங்களா, கிட்டக் கிட்டக் கால் வெப்பீங்களா?"

அய்யன் யோசித்தார். "கிட்டக் கிட்டத்தான்."

"அதுதானுங்க மூணாவது கியரு. அடி சின்னதா, வேகவேகமா. அதுக்குச் சத்தம் வரத்தான் செய்யும். கத்துனா நோவு இல்லீங்க. முக்குனாத்தான் நோவு. மெதுவா சுத்துனா எண்ணெயும் மேல எகிறாது, காஞ்சுபோயே அரைபடும்." பிறகு மிதிக்குக் கீழே குனிந்து பார்த்தார். புளியங்கட்டையைப் பிடுங்கி எடுத்து, "இது யாரு வேலை?" என்றார். மாமன் மேலே பார்த்தார். நான் அய்யனைப் பார்த்தேன். மேஸ்திரி சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. கட்டை பட்டறை அடுப்புக்குள் போனது.

"அப்ப வேகமாவே போலாமுங்களா?" என்று மாமன் ஆசையாகக் கேட்டார்.

"அடேய், நீ ஒருத்தன். ரொம்ப மிதிச்சாலும் போச்சு. எஞ்சின் நீளமுடா இது. ஆறு பேரைத் தாங்கற தண்டு. ஒரு வேகத்துல அது பாம்பாட்டம் துடிக்கும். அதுக்குக் கீழ, முக்கறதுக்கு மேல, நடுவுல ஒரு எடம் இருக்குது. அதைத் தேடிக்க. நான் வந்து காட்ட மாட்டேன்."

ஈயம் புதுசாக ஊற்றி வண்டி வெளியே வந்தது. அந்த நடு இடத்தை யார் கண்டுபிடித்தது தெரியுமா? நான்தான். என் பல் கண்டுபிடித்தது.

கீழ்வரிசையில் முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. கியர் கம்பிக்குப் பக்கத்தில்தானே உட்காருவேன்? எஞ்சின் முக்கினால் அந்த அதிர்வு பலகை வழியாக ஏறிப் பல்லில் வந்து நிற்கும். உயிர் போகும். ஓவென்று அழுவேன். மாமன் மிதிப்பார். வேகம் ஏறும், அழுகை குறையும். இன்னும் மிதித்தால் திடீரென்று கியர் கம்பி கிலுகிலுப்பை மாதிரி நடுங்கும், பல் மறுபடி குத்தும், மறுபடி அழுவேன். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் எல்லாம் அடங்கிவிடும். ஆறு சிலிண்டரும் ஒரே மூச்சாக ஓடும். கியர் கம்பி செத்த பாம்பு மாதிரி அசையாமல் இருக்கும். நான் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்ப்பேன்.

"மாப்ள, புள்ள அழுவுது. மாத்து."

"இப்ப?"

"இப்பவும் அழுவுது."

"இப்ப?"

"நிறுத்திட்டா. இதேதான். புடி, இதையே புடி!"

சமதரையில் சுமையோடு மைல் முள் இருபத்தைந்துக்கும் முப்பதுக்கும் நடுவில். மேடு வந்தால், முக்கத் தொடங்குவதற்கு முன்னாலேயே மூணாவது. முக்கின பிறகு மாற்றினால் லேட். இவ்வளவுதான் வித்தை. இன்றைக்குப் பெரிய பெரிய கம்பெனிக்காரன் மீட்டர் கண்ணாடிக்குள் பச்சைக் கோடு போட்டுக் காட்டுகிறான், இந்த முள் இதற்குள் இருக்கட்டும் என்று. எங்கள் லாரியில் அந்தப் பச்சைக் கோடு என் வாயில் இருந்தது. பல் விழுந்தபோது மாமன், "அடடா, மீட்டர் போச்சே" என்றார். அதற்குள் அவர் காலுக்கே பழகிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நான் எப்படிச் சொல்லுவேன்? வண்டி ஓடின ஓட்டம் அப்படி. முந்தி முக்கி முக்கிக் குடித்ததைவிடப் பெட்ரோலும் கம்மியாகக் குடித்தது. வெற்றிலை விடிந்த ஈரத்தோடு செவ்வாய்ப்பேட்டை மண்டியில் இறங்கும். அம்மா வீட்டுக்குப் பின்னால் மூணு வெற்றிலைக் கொடி நட்டாள், ஆசைக்கு. மாமனுக்குப் பொண்ணு பார்க்கலாம் என்று பேச்செடுத்தாள்.

அய்யன் மாறின மாற்றம்தான் வேடிக்கை. கட்டை வைத்த மனுஷன், இப்போது பார்க்கிறவர்களுக்கெல்லாம் எஞ்சின் பாடம் நடத்தினார். மண்டி வாசலில் எஞ்சினை ஓடவிட்டு, மூடியின்மேல் ஒரு லோட்டா நிறையத் தண்ணீர் வைப்பார். "பாருங்க, ஒரு சொட்டு சிந்துதா பாருங்க." பருப்பு மண்டிக்காரர், துணிக்கடைக்காரர், கூலியாட்கள் எல்லாரும் குனிந்து தண்ணீரைப் பார்ப்பார்கள். சந்தையில் நல்ல காளையைச் சுற்றிக் கூட்டம் நிற்கிற மாதிரி. அய்யன் மீசையைத் தடவிக்கொண்டு ஓரத்தில் நிற்பார். எனக்கு இந்தப் பெருமை பேசுகிற குணம் எங்கிருந்து வந்தது என்று என் மருமகள்கள் கேட்பதுண்டு. அங்கிருந்துதான்.

பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. பிறகு ஒரு பேச்சு வந்தது: சண்டைக்கு லாரி போதவில்லையாம், நல்ல லாரிகளைச் சர்க்காரே எடுத்துக்கொள்ளுமாம். கொடுக்கிறது என்ன கொடுப்பார்களோ, கொடுத்தாலும் அதை வைத்து வாங்க வேறு லாரி எங்கே இருக்கிறது? வண்டிகளைச் சேலத்தில் ஒரு மைதானத்துக்குக் கொண்டுவரச் சொல்லி எங்களுக்கும் தாக்கீது வந்தது. உருப்படியான வண்டியை எடுத்துக்கொள்வார்கள். உருப்படாததை விட்டுவிடுவார்கள்.

சங்ககிரியில் இரண்டு லாரி வைத்திருந்த ஒருவர் அய்யனுக்குச் சிநேகிதர். அவர்தான் வழி சொல்லிக்கொடுத்தார். "ஒரு நாள் கூத்து, அவ்வளவுதான். வண்டியை நாலாவதுலயே போட்டு மேடு ஏத்துங்க. முக்கட்டும், குலுங்கட்டும். பிளக் ஒயரு ஒண்ணைத் தளர்த்தி உடுங்க. 'தூக்கிட்டுப் போடா உன் டப்பாவை'ன்னு அவனே சொல்லுவான்."

புறப்படும் அன்று காலை அம்மா மூணு பேருக்கும் கம்பங்களி போட்டாள். போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் முந்தி மாதிரியே ஓட்டுங்க. தம்பி, கேட்டுக்க. உங்க மச்சான் பேச்சை நீ கேக்காட்டியும் எம் பேச்சைக் கேளு."

"சரிக்கா."

"ஏனுங்க?"

"அட, சரின்னு சொல்றேனில்ல."

"சாமி, நீயும் போறியா?" என்று என்னைக் கேட்டாள். "அய்யன் வாயைத் தொறந்தா நீ அழுவோணும். தெரியுதா?" எல்லாரும் சிரித்தோம்.

மைதானம் முழுக்க லாரிகள். ஒரு பக்கம் புளியமரங்களின் அடியில் கழித்துவிட்ட வண்டிகள் நின்றன. சங்ககிரிக்காரர் தன் இரண்டு வண்டிகளோடும் அங்கே நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். இன்னொரு பக்கம், வெயிலில், கதவில் சாக்கட்டியால் நம்பர் போட்ட வண்டிகள். அவற்றின் சொந்தக்காரர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

கழுத்து சிவந்த ஒரு வெள்ளைக்காரத் துரை. பக்கத்தில் தொப்பி போட்ட நம்ம ஊர் இன்ஸ்பெக்டர் ஒருவர். கல் மூட்டை ஏற்றி, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஏரிக்கரை மேட்டில் ஏறி இறங்க வேண்டும். மாமன் உட்கார்ந்தார், நாலாவதிலேயே போட்டார். எங்கள் லாரி முக்கிற்று, பாருங்கள். குலுங்கிற்று. தளர்த்தின ஒயர் வேறு. கரை மேட்டில் பாதியில் நின்று, அழுது, ஒரு வழியாக ஏறிற்று. கூடியிருந்த சிப்பாய்கள் சிரித்தார்கள். அய்யன் இறங்கிக் கரைக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு முக்கலுக்கும் அவர் விரல் என் கையை நெரித்தது.

வண்டி திரும்பி வந்து நின்றதும் துரை ஏதோ சொன்னார். இன்ஸ்பெக்டர் உரக்கத் தமிழில் சொன்னார்: "எவன்யா இதுக்குச் சொந்தக்காரன்? நீயா? துரை சொல்றாரு, நல்ல எஞ்சினாம், மாடு மேய்க்கறவன் கையில குடுத்துக் கொன்னு வச்சிருக்காங்களாம். இது லாரியா, கரும்பாலையா? கொண்டுபோ. அந்தப் புளியமரத்தடியில நிறுத்து, போ."

தப்பித்துவிட்டோம். மாமன் ஸ்டியரிங்கைப் புளியமரத்துப் பக்கம் திருப்பிவிட்டார். நான்கூடச் சிரித்துவிட்டேன்.

"நில்லு மாப்ள" என்றார் அய்யன்.

மாமன் கேட்காதவர் மாதிரி இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"நில்லுங்கறேன்." போய் மூடியைத் தூக்கினார். தளர்த்தின ஒயரை இறுக்கினார். "இன்னொருக்கா ஏத்து."

"மச்சான், வேண்டாமுங்க. அக்கா என்ன சொல்லுச்சு?"

"ஒரே ஒருக்கா. அவனுங்க கண்ணுல படறாப்பல ஒரே ஒருக்கா ஏத்திட்டு, அப்பறம் போயி மரத்தடியில நிறுத்து."

கழித்தபிறகு காட்டினால் என்ன ஆகிவிடப்போகிறது என்று உண்மையாகவே நினைத்திருக்கிறார். சந்தையில் விலை முறிந்த பிறகு மாட்டை நடக்கவிட்டுக் காட்டுவதில்லையா, வாங்காதவன் வயிறெரிய? அப்படி.

என்னை அழச் சொல்லியிருந்தாள் அம்மா. நான் அழத்தான் பார்த்தேன். வரவில்லை. பல்லும் விழுந்துவிட்டிருந்தது.

மாமன் நினைத்திருந்தால் அப்போதும் நாலாவதிலேயே முக்க விட்டிருக்கலாம். இதை நான் எத்தனையோ வருஷம் யோசித்திருக்கிறேன். அவர் சீப்பை எடுத்துத் தலையை வாரினார். பிறகு வண்டியை எடுத்தார். வேகம் சேர்த்து, அந்த நடு இடத்தில் கொண்டுவந்து வைத்து, மேட்டுக்கு முன்னால் மூணாவதுக்கு இறக்கினார். லாரி ஒரே குரலில் கரை ஏறிற்று. கல் மூட்டை இருப்பதே தெரியவில்லை. மேலே போய்த் திரும்பி, சத்தமே இல்லாமல் இறங்கி வந்து நின்றது. சிப்பாய்களின் சிரிப்பு நின்றுவிட்டது.

துரை நடந்து வந்தார். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். சிரித்தார். அய்யனின் தோளைத் தட்டி ஏதோ சொன்னார்.

"இந்த ஜில்லாவுல இப்படி ஒரு எஞ்சினைப் பாக்கலையாம். யாரு பழக்குனதுன்னு கேக்கறாரு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நாங்கதானுங்க" என்றார் அய்யன். முகமெல்லாம் பூரித்துப்போய், மீசையைத் தடவிக்கொண்டு. "எங்க மாப்ளயும் நானுமுங்க. இது மூணாவதுல..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் இன்ஸ்பெக்டர் சாக்கட்டியால் கதவில் நம்பர் எழுதிவிட்டார். அய்யன் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. அது இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புளியமரத்தடியில் சங்ககிரிக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன் பிறகு அய்யன் கெஞ்சினார். கும்பிட்டார். "வண்டிக்குள்ள கோளாறு இருக்குதுங்க, வெளிய தெரியாதுங்க" என்று கூடச் சொல்லிப் பார்த்தார். இன்ஸ்பெக்டருக்கே பாவமாகிவிட்டது. "ஏன்யா, மொதல்லயே போயி நிழல்ல நின்னிருக்கலாமில்ல?" என்றார். மண்டியில் எங்களுக்காகக் காத்திருந்த உப்பு மூட்டைகளை ஏற்றி ஊரில் இறக்குவதற்காக வண்டியை விட்டார்கள். ஆள் வந்து எடுத்துக்கொள்வான் என்றார்கள்.

வீட்டில் அம்மா கதவில் இருந்த சாக்கட்டி எழுத்தைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் புரிந்துவிட்டது.

"முக்கலீங்களா?"

"முக்குச்சு" என்றார் அய்யன். "அப்பறம்... நல்லா ஓடுச்சு."

"நல்லா இருக்குதுன்னாங்களா?"

"துரையே சொன்னாரு."

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் அய்யனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மாமனைப் பார்த்தாள். மாமன் தரையைப் பார்த்தார். "கை காலைக் கழுவிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எடுத்துப் போக வந்தவன் ஒரு சின்னப் பையன். வடக்கத்தியான். மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது. நல்ல பிள்ளை, அம்மா கொடுத்த மோரை வாங்கிக் குடித்துவிட்டு, செம்பைக் கழுவித் திருப்பிக் கொடுத்தான். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது.

அய்யன் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். விரலை மூணாகக் காட்டினார், மேடு மாதிரி கையைச் சாய்த்தார், தலையை ஆட்டினார். நாலு விரல் காட்டி, முகத்தைச் சுளித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முக்கிக் காட்டினார். "ம்ம்... ம்ம்... இது கூடாது. தெரியுதா? கூடாது." பிறகு கண்ணை மூடி, அந்த நடு வேகத்தில் எஞ்சின் போடுகிற சத்தத்தை அப்படியே தொண்டையில் போட்டுக் காட்டினார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு சரியாக இருந்தது. அந்தப் பையன், "அச்சா, அச்சா" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மாமன் கியர் கம்பியைப் பிடித்துக் காட்டினார். "அச்சா." மைல் முள்ளில் விரல் வைத்துக் காட்டினார். "அச்சா, பாயி."

கைப்பிடியை மாமனே சுற்றி ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தார்.

வண்டி நகர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அய்யன் தலையாட்டினார். வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் அந்தச் சின்ன மேடு. அங்கே மூணாவதிலேயே பிடிக்க வேண்டும். பையன் நாலாவதைப் போட்டான்.

லாரி முக்க ஆரம்பித்தது.

அம்மாதான் முதலில் கத்தினாள். "ஏனுங்க, கியரை மாத்தச் சொல்லுங்க! மாத்தச் சொல்லுங்க!" ரோட்டில் இறங்கி இரண்டெட்டு ஓடிவிட்டாள்.

அய்யன் கையைத் தூக்கினார். "டேய்! மூணு! மூணு போடுடா!" அவ்வளவு தூரத்துக்கு, அந்தச் சத்தத்துக்குள் எந்தப் பாஷை கேட்கப்போகிறது? மாமன் அசையவே இல்லை. இடது கை மட்டும் அவருக்கே தெரியாமல் முன்னால் நீண்டு, காற்றைப் பிடித்துக் கீழே இழுத்தது. மறுபடி இழுத்தது.

அது முக்கிக்கொண்டே போயிற்று. குலுங்கிக் குலுங்கி, கதவெல்லாம் அடித்துக்கொள்ள. பாலத்தின் மேல் ஒரு நொடி நின்றுவிடும்போல இருந்தது. நின்றுவிட்டால் நல்லது என்று நான் வேண்டிக்கொண்டேன். நிற்கக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். ஏறிவிட்டது. அந்தப் பக்கம் இறங்கியதும் சத்தம் அடைத்துக்கொண்டது. வாழைத் தோட்டங்களுக்கு அப்பால் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு இல்லை.

சர்க்கார் கொடுத்தது கொடிக்காலைத் திருப்பி வாங்கப் போதவில்லை. மாமன் மறுபடி சேலத்துக்குப் பஸ் ஓட்டப் போனார். அய்யன் அடுத்தவர் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போனார். லாரி எங்கே போயிற்று, எந்தக் காட்டில் ஓடிற்று, யாருக்கும் தெரியாது. நான் இத்தனை லாரி வாங்கி, இத்தனை லாரி விற்று, இந்த ஜில்லாவில் எந்த எஞ்சினையும் காதால் எடை போடுகிறவள். அந்த ஒன்றைத் தேட எனக்கு வழி தெரியவில்லை.

அன்றைக்கு நடந்ததில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சத்தம் ஓய்ந்த பிறகு அய்யன் ரோட்டோடு நடந்து பாலத்து மேட்டுக்குப் போனார். குனிந்து குனிந்து தரையைப் பார்த்தார். டயர் போன தடத்திலேயே போய், பாலத்தின் அந்தப் பக்கமும் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். மண்ணைத் தொட்டு விரலை மோந்து பார்த்தார். நாங்கள் வாசலிலேயே நின்றோம்.

"என்னங்க கெடக்குது?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்ல" என்றார். "எண்ணெய்கூட ஒழுவல. நல்லாத்தான் போயிருக்குது."